தெரிந்தவர்கள் வலது கை

கரும்பலகையில் தேதியை எழுதி முடிப்பதற்குள் சாக்பீஸ் பட்டென்று உடைந்தது. உடையட்டும், இந்தக் கல்லூரியில் உடையாமல் இருப்பது பிரின்சிபால் அறையின் கண்ணாடிக் கதவு ஒன்றுதான் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே நல்லசிவம் மிச்சத் துண்டால் ‘தேவையின் விலை நெகிழ்ச்சி’ என்று தலைப்பை எழுதினான். எழுத்து சாய்ந்து சாய்ந்து கீழே இறங்கியது. பன்னிரண்டு வருடமாகப் பலகையில் எழுதுகிற கை, இன்றைக்கென்று பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கையாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் மெத்தை நாற்காலிகள் இழுபடுகிற சத்தம். காலையிலேயே அவற்றைத் தூக்கிவந்து கடைசி பெஞ்சுக்குப் பின்னால் போட்டுவிட்டார்கள். ஆய்வுக் குழு அம்மாவுக்கு ஒன்று, அவரோடு வந்திருக்கிற வாய் திறக்காத மனிதருக்கு ஒன்று, பிரின்சிபாலுக்கு ஒன்று. சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து கல்லூரிக்கே மதிப்பெண் போட்டுவிட்டுப் போகிற கூட்டம் இது. வருகிறார்கள் என்றதும் மரங்களுக்குச் சுண்ணாம்பு, கழிவறைக்குத் தாழ்ப்பாள், ஆசிரியர்களுக்கு டை. அந்த டை இப்போது கழுத்தை நெரித்தது. அதைக் கட்டத் தெரியாமல் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்று, கடைசியில் பக்கத்து வீட்டு வங்கி மேனேஜரிடம் போய்க் கழுத்தை நீட்டி, அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்து, சே. மின்விசிறி வேறு சத்தமில்லாமல் ஓடித் தொலைத்தது. எத்தனையோ நாளாகக் கிரீச் கிரீச்சென்று கத்திக்கொண்டிருந்ததை நேற்றுச் சாயங்காலம் எண்ணெய் விட்டு அடக்கிவிட்டார்கள். அது கத்திக்கொண்டிருந்தாலாவது அவன் உளறுவது பின்னால் வரைக்கும் கேட்காது. “நல்லசிவம், இந்த ஒரு கிளாஸ் நல்லபடியா முடிஞ்சுட்டா உங்க நிரந்தர ஆர்டர்ல தாளாளர் கையெழுத்துப் போட்டுருவாருங்க. சொதப்பிப் போட்டீங்கன்னா ஜூன்ல என்னால ஒண்ணும் பண்ண முடியாது” என்று பிரின்சிபால் துரைசாமி நடைபாதையில் வைத்துச் சொன்னார், சொல்லும்போது அவனுடைய டையை நேராக இழுத்துவிட்டார். ஜூன் என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். மே மாதத்தோடு சோலி முடிந்தது என்று அர்த்தம்.

ஜூனை நினைத்து நிம்மதியாகப் பயப்படக்கூட அந்த அம்மா அவனை விடவில்லை. பேராசிரியர் ஜெசிந்தா. வெள்ளைப் பருத்திப் புடவை, காதில் பொட்டுத் தோடு, எதற்கும் அவசரப்படாத குரல். இந்த அவசரப்படாத குரல்காரர்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது. காலையில் கூட்ட அறையில் எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்து, முந்திரி பிஸ்கட் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அந்தக் குரலில் கேட்டார்: “உங்க பசங்க உண்மையில என்ன கத்துக்கிறாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” டெஸ்ட் வைக்கிறோம் மேடம் என்றார் வணிகவியல் துறைத் தலைவர். “உங்க நோட்ஸை உங்களுக்கே திருப்பி எழுதிக் குடுக்கிறாங்க. அதுல உங்க நோட்ஸ் எப்படின்னு தெரியும், பசங்க எப்படின்னு தெரியாதே” என்றார் சிரித்துக்கொண்டே. கருத்துக் கேட்கிறோம் மேடம் என்றது இன்னொரு குரல். “எல்லாரும் நல்லாருக்குன்னு போட்டிருக்காங்க, பார்த்தேன்.” அப்புறம் அத்தனை பேரில் இவனைத்தான் பார்க்க வேண்டுமா? “நீங்க சொல்லுங்க சார். நேத்து நீங்க நடத்துனதுல எந்த இடம் பசங்களுக்குப் புரியலை?” “எல்லாமே புரிஞ்சுது மேடம்” என்றான் நல்லசிவம். எவனோ மூக்கால் சிரித்தான். அந்த அம்மா “அப்படியா” என்றார், அவ்வளவுதான், அடுத்த ஆளிடம் போய்விட்டார். அந்த அப்படியா இன்னும் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. என்ன கேள்வி இது? புரிஞ்சுதா என்று கேட்கிறோம், தலையாட்டுகிறார்கள், வேறு என்ன செய்ய, மண்டையைத் திறந்தா பார்க்க முடியும்? நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிறவன் அவன். வணிகவியல்காரர்கள் மாதிரி நோட்டைப் பார்த்து வாசித்துவிட்டுப் போகிறவனா? விளக்குகிறவன். தொண்டை வறளக் கத்துகிறவன். வீட்டில் மகள் யாழினி பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடுவாள். “புரிஞ்சுதா? புரிஞ்சுதா?” என்று அவன் குரலிலேயே கேட்டுவிட்டு, ஒவ்வொரு பொம்மையின் தலையையும் பின்னாலிருந்து விரலால் அழுத்தி ஆட்டுவாள். அவன் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள். அவனும் சிரித்திருக்கிறான். இப்போது அதை நினைத்தால் ஏன் பற்றிக்கொண்டு வருகிறது என்று தெரியவில்லை. பதில் தெரிய வேண்டும், ஜூன் கிடக்கட்டும், அந்த அப்படியாவுக்குப் பதில் தெரிய வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்குத் தன்னால் ஏதாவது போய்ச் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்று.

திரும்பினான். வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இரண்டாம் வருடப் பொருளாதாரம், எல்லோரும் இஸ்திரி போட்ட சட்டை, பூ வைத்த தலை, ஒருவர் கையிலும் போன் இல்லை. வேஷதாரிகள். சாதாரண நாளில் பெஞ்சுக்கு அடியில் கட்டை விரல் ஓடிக்கொண்டேயிருக்கும், மேலே முகம் மட்டும் அவனைப் பார்த்துச் சாமி கும்பிடுகிற மாதிரி இருக்கும். தலையாட்டுவார்கள். எங்கே ஆட்ட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அவன் குரல் உயர்ந்தால் ஆட்டுவார்கள், அவன் பலகையைத் தட்டினால் ஆட்டுவார்கள், ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தான், அதற்கும் ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு எழுதியும் கொண்டார்கள். அன்றைக்கு வந்த வெறுப்பு இன்னும் ஆறவில்லை. நேற்று இதே வகுப்பில் நின்று இவர்களுக்கு அந்தக் கேவலத்தைச் சொல்லிக்கொடுத்தான். அவன் கண்டுபிடித்ததல்ல, இந்தத் துறையில் அது பரம்பரைச் சொத்து, ஓய்வு பெற்றுப் போன துறைத் தலைவர் விட்டுப்போனது. ஆய்வுக் குழு உட்கார்ந்திருக்கும்போது ஆசிரியர் கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். ஒருவர் விடாமல். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கை தெரியும், எந்தக் கை என்று யார் பார்க்கப் போகிறார்கள். ஆசிரியர் வலது கைக்காரனாகப் பார்த்து எழுப்ப வேண்டியது, அவன் பதில் சொல்ல வேண்டியது, குழு கண் நிறைந்து போக வேண்டியது. “எங்க, வலது! இடது! வலது!” என்று உடற்பயிற்சி வகுப்பு மாதிரி நேற்று அவன் கத்தினான், அவர்கள் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். கேள்வி எதையும் கேட்டுப் பார்க்கவில்லை. கேட்டுப் பார்க்க வேண்டும் என்று தோன்றவேயில்லை. தெரியாதவர்கள் என்றால் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், எப்போதும் பெஞ்சில் தலை வைத்துத் தூங்குகிற கூட்டம், அவர்களுக்காகத்தானே இந்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டு போய்விட்டான்.

“தேவை விதின்னா என்ன? யார் சொல்றீங்க?” என்றான். சட்டென்று அத்தனை கைகளும் மேலே. கடைசி வரிசைக்குப் பின்னாலிருந்து பிரின்சிபாலின் முகம் மலர்ந்தது. நல்லசிவம் கைகளைப் பார்த்தான். எல்லாம் ஒரே பக்கம், தன் வலது கைப் பக்கம், அப்படியானால் வலது, எல்லாமே வலது. ஐயோ, எல்லோருக்கும் தெரிகிறது. நெஞ்சுக்குள் குபீரென்று ஒரு சந்தோஷம் பொங்கிக் கண்ணை மறைத்தது. பார்த்தாயா அம்மா, பார்த்தாயா, அப்படியாவாம் அப்படியா, வந்து எண்ணிப் பார். இவ்வளவு நாள் இந்தப் பிள்ளைகளை என்னென்னவோ நினைத்துவிட்டோமே என்றுகூட ஒரு கணம் மனம் கரைந்தது. கரைந்துகொண்டிருக்கும்போதே கண்ணில் ஏதோ உறுத்தியது. கடிகாரங்கள். தூக்கிய மணிக்கட்டுகளில் வரிசையாகக் கடிகாரம், கறுப்புப் பட்டை, வெள்ளிப் பட்டை, சதுரமாக எரிகிற புது மாதிரி. கடிகாரத்தை எந்தக் கையில் கட்டுவார்கள்? அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். எதிரே இருக்கிறவர்களுக்கு இடம் வலம் மாறித்தானே வரும், மடையா, அவர்களுடைய இடதுதான் உன்னுடைய வலது பக்கம். எல்லாமே இடது. மெதுவாக, ஒவ்வொரு பெஞ்சாக, மறுபடியும் பார்த்தான். ஜன்னல் ஓரம் ஒரு பெண், நடுவில் சேர்ந்தாற்போல் இரண்டு பையன்கள், அந்த மூன்று பேர் மட்டும் வலது. அவர்கள் பெயர் அவனுக்குத் தெரியவில்லை. முன் பெஞ்சில் தர்ஷிகா, ஒவ்வொரு செமஸ்டரிலும் முதல் மதிப்பெண் வாங்குகிற தர்ஷிகா, அவன் இருமினாலும் எழுதிக்கொள்கிறவள், இடது கையை நேராகத் தூக்கி அவனைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள். “நீ சொல்லும்மா” என்று ஜன்னல் ஓரத்துப் பெண்ணை எழுப்பினான். அவள் எழுந்து, “விலை ஏறுனா வாங்கறது குறையுமுங்க சார். எங்கூட்ல தக்காளி ஏறிப் போச்சுன்னா ரசத்துக்குப் புளியைச் சேத்திப் போட்டுக்குவாங்க” என்றாள். பின்னால் ஜெசிந்தா அம்மா ரசித்துச் சிரித்தது கேட்டது. பதில் சரி. ஆனால் தக்காளியும் ரசமும் அவன் கொடுத்த நோட்ஸில் எங்கேயும் இல்லை. இவள் எங்கிருந்து இதைக் கொண்டுவந்தாள், யார் இவள், இத்தனை நாள் எங்கே உட்கார்ந்திருந்தாள்?

இதற்கு மேல் சுலபமான கேள்விகளாகக் கேட்டுவிட்டு, வலது கை மூன்றையும் மாற்றி மாற்றி எழுப்பி, மணியடித்ததும் ஆர்டரை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போயிருப்பான், அந்தக் கைகள் அவனைச் சும்மா விட்டிருந்தால். சொத்தைப் பல்லை நாக்கு போய்த் தடவிக்கொண்டே இருக்கிற மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்று நினைக்கும்போதே வாய் கேட்டது: “டீக்கடைக்காரர் டீ விலையை ஏத்தறாரு. அவருக்கு மொத்த வசூல் கூடுமா, குறையுமா? எதை வச்சுச் சொல்லுவீங்க?” எல்லாக் கைகளும் மேலே. கடிகாரம், கடிகாரம், கடிகாரம். யாரையும் எழுப்பாமல், பதிலையும் தானே சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவினான். போன வாரம் முழுக்க இதைத்தானே நடத்தினான், பலகை நிறையப் படம் போட்டு, தொண்டை கிழிய. “உப்பு விலை ஏறுனா உப்பு வாங்கறது பாதியாக் குறையுமா?” இடது. பாவிகளா, உப்புடா, வீட்டில் தினமும் தின்கிற உப்பு. “சரி, சதவீதம்னா என்ன?” என்று கேட்டுவிட்டான், பள்ளிக்கூடப் பாடம், கேட்ட பிறகுதான் எவ்வளவு தூரம் கீழே இறங்கிவிட்டோம் என்று உறைத்தது. அதற்கும் கைகள் ஆர்வமாக எழுந்தன, இந்தமுறை வலது கொஞ்சம் கூடுதல், ஆனால் இடதுதான் அதிகம். பின்னால் வாய் திறக்காத மனிதர் தலையை ஆட்டி ஆட்டிப் பாராட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிவது கைக்காடு. எவ்வளவு துடிப்பான வகுப்பு. அவனுக்கு மட்டும் தெரிந்தது, பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தெரிந்தது, எந்தப் பரீட்சையும் எந்தத் தலையாட்டலும் காட்டாதது, குழுவின் கண்ணில் மண்ணைத் தூவுவதற்கென்று செய்த திருட்டுத்தனம் அவன் கண்ணைத் திறந்து வைத்துவிட்டது. திறந்த கண்ணை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. கோபம் வந்தது. யார் மேல் என்று பிரிக்க முடியாத கோபம். அவனே எம்.ஏ. படித்தபோது நெகிழ்ச்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி முதல் வகுப்பு வாங்கியவன், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம் பேருந்து நிலையத்து பேக்கரியில் முட்டை பஃப்ஸ் விலையை ஏற்றியபோது, ஹாஸ்டல் பையன்கள் எல்லாம் தேங்காய் பன்னுக்கு மாறிவிட, டிரைவர்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே அதே பஃப்ஸைத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, ஓ, விலை ஏறினால் யார் எவ்வளவு விலகுகிறார்கள் என்பதுதானா அது என்று கையில் டீயோடு நின்றுபோனவன். அதுவரைக்கும் அவனுக்கும் தெரியாது. அவனுடைய பேராசிரியரும் அவனைப் பார்த்து எல்லாம் புரிஞ்சுது என்றுதான் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த பேக்கரிக் கதையை ஏன் ஒருநாளும் இந்த வகுப்பில் சொல்லவில்லை? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டியிருந்தது. எப்போதும் முடிக்க வேண்டியிருக்கும்.

“ஒரு நிமிஷம் சார்” என்று பின்னாலிருந்து ஜெசிந்தா அம்மாவின் குரல் வந்தது. “நான் ஒருத்தரைக் கேக்கலாமா?” ஒத்திகையில் இதை யாரும் யோசிக்கவில்லை. கூப்பிடுகிறவன் அவன் என்றல்லவா வைத்திருந்தார்கள், அந்த அம்மா கூப்பிட்டால் அவருக்கு எந்தக் கை என்று எப்படித் தெரியும்? பிரின்சிபாலின் முகத்தில் மலர்ந்திருந்தது சட்டென்று வாடியது. “கேளுங்க மேடம், தாராளமா” என்று நல்லசிவத்தின் வாய் சொன்னது. “நெகிழ்ச்சின்னா என்னன்னு நீங்களே கேளுங்க சார், ஆளை மட்டும் நான் சொல்றேன்.” கேட்டான். கைகள் எழுந்தன. இந்தமுறை ஒன்றுகூட வலது இல்லை, அந்தத் தக்காளிப் பெண்ணும் இடது கையைத்தான் தூக்கியிருந்தாள், அவளுக்கும் இந்த இடம் தெரியாதாம். ஜெசிந்தா அம்மா எழுந்து நின்று நிதானமாகக் கையை நீட்டினார். “முன் பெஞ்சு. நீலச் சுடிதார்.” தர்ஷிகா. முடிந்தது. ஜூன். மாமனார் வீட்டு விசேஷங்களில் இன்னும் டெம்பரவரியா மாப்ளே என்று கேட்கிற வாய்கள் எல்லாம் ஒருசேர நினைவுக்கு வந்தன. டையைத் தளர்த்தப் போன கை பாதியில் நின்றது. தர்ஷிகா எழுந்து, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, மூச்சை இழுத்துச் சொன்னாள்: “தேவையின் விலை நெகிழ்ச்சி என்பது, அதாவது வந்து, ஒரு பொருளின் விலையில் ஏற்படும் சதவீத மாற்றத்திற்கு ஏற்ப அப்பொருளின் தேவை அளவில் ஏற்படும் சதவீத மாற்றத்தின் விகிதம் ஆகும். இது ஐந்து வகைப்படும்.” ஐந்தையும் சொன்னாள். ஒன்று விடவில்லை, ஒரு சொல் மாறவில்லை. அந்த ‘அதாவது வந்து’கூட அவனுடையது, யோசிப்பதற்காக அவன் இழுக்கிற இழுப்பு, அதே இடத்தில் அதே இழுப்போடு வந்தது. தன் குரல் இன்னொருத்தி தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டு அவன் நின்றான். பிரின்சிபால் கைதட்டினார். வாய் திறக்காத மனிதர் வாய் திறந்து “எக்ஸலண்ட்” என்றார்.

அவர்கள் எழுந்தார்கள். வகுப்பும் எழுந்து ஒரே குரலில் நன்றி சொன்னது, அதுவும் ஒத்திகையில் உண்டு. வாசலில் ஜெசிந்தா அம்மா அவனிடம் நின்றார். பக்கத்தில் பார்த்தபோது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அவன் இவ்வளவு நேரம் வெறுத்துக்கொண்டிருந்த சிரிப்பும் இல்லை. “காலையில நீங்க சொன்னது சரிதான் போலிருக்கு. எல்லாருக்கும் எல்லாம் தெரியுது” என்றார். குத்தலா, பாராட்டா? கண்டுபிடித்துவிட்டாரா, அல்லது மனதாரத்தான் சொல்கிறாரா? அந்த முகத்தைப் பிடித்து உலுக்கிக் கேட்க வேண்டும் போலிருந்தது. “நன்றி மேடம்” என்றான். அவர் போய்விட்டார். பிரின்சிபால் ஒரு எட்டுப் பின்தங்கி அவன் தோளைத் தட்டி, “கன்ஃபார்ம்ங்க நல்லசிவம். திங்கக்கிழமையே ஆர்டர். அப்புறம் இந்தக் கை தூக்கற டெக்னிக்கை மத்த டிபார்ட்மெண்டுக்கும் நீங்களே கொஞ்சம் சொல்லிக் குடுத்துருங்க” என்று காதோடு சொல்லிவிட்டு ஓடினார். வேலை கிடைத்துவிட்டது. பன்னிரண்டு வருடமாக இதற்காகத்தானே காத்திருந்தான், சந்தோஷம் எங்கே போய்த் தொலைந்தது என்று மார்பைத் துழாவிப் பார்த்தான். அங்கே அந்த அப்படியாதான் குத்திக்கொண்டு கிடந்தது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். வகுப்பு தளர்ந்து, சிரித்து, அங்கங்கே போன்கள் வெளியே வந்திருந்தன. ஜெயித்துக்கொடுத்துவிட்டோம் என்கிற சந்தோஷம் அவர்கள் முகத்தில் இருந்தது. அது அவனை இன்னும் எரித்தது. “தர்ஷிகா, எந்திரி” என்றான். அவள் பாராட்டை எதிர்பார்த்து எழுந்தாள். “பதில் மனப்பாடமாத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு எதுக்கும்மா இடது கையைத் தூக்குன?” அவள் விழித்தாள். “நோட்ஸ் தெரியுமுங்க சார்” என்றாள். “தெரியுமில்ல? அப்ப வலது கையைத் தூக்க வேண்டியதுதான?” “நீங்க தெரிஞ்சவங்கதான் வலது கைன்னு சொன்னீங்க சார். எனக்கு நோட்ஸ்தானுங்க தெரியும். அது என்னன்னு தெரியாதுங்க.” குறும்பே இல்லை அந்தக் குரலில். அவன் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்புதான் காலையில் கூட்ட அறையில் மூக்கால் சிரித்தவனின் சிரிப்பாகக் கேட்டது, மூளைக்குள் ஏதோ அறுந்தது. “அப்ப இத்தனை நாள் நான் தொண்டத் தண்ணி வத்தக் கத்துனது எதுக்கு? புரியலைன்னா கேக்கறதுக்கென்ன, வாயில என்ன கொழுக்கட்டையா?” “ஒருக்கா கேட்டனுங்க சார்” என்றாள் தர்ஷிகா, குரல் இறங்கியிருந்தது. “நோட்ஸ்ல இருக்கு பாருன்னு சொன்னீங்க.” “எதிர்த்துப் பேசறியா? உன்னையெல்லாம் டாப்பர்னு தலையில தூக்கி வச்சு ஆடறாங்க பாரு, அவங்களைச் சொல்லணும். ஒண்ணும் தெரியாத தற்குறி! உங்களையெல்லாம் படிக்க அனுப்புனதுக்கு மாடு மேய்க்க விட்டிருக்கலாம். உட்காரு.” அவள் உட்கார்ந்தாள். அழவில்லை. பேனாவை மூடி நோட்டின் நடுவில் வைத்தாள். அவள் காது மட்டும் சிவந்திருந்தது. மேலே எண்ணெய் விட்ட மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

கோபம் வந்த வேகத்தில் இறங்கியது, எப்போதும் அப்படித்தான். மேசையில் கையை ஊன்றிக்கொண்டான். என்ன செய்துவிட்டோம் என்று நினைப்பு ஓடியது, அதை ஓரமாகத் தள்ளிக்கொண்டு இன்னொரு நினைப்பு வந்தது, ஆசையாகவே வந்தது. இவர்கள் உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும், நோட்ஸ் வேறு, தெரிவது வேறு என்று பிரித்துப் பார்த்து, கூச்சமில்லாமல் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். இந்த அளவுக்கு யோசிக்கத் தெரிந்த பிள்ளைகளா இவர்கள்? அப்படியானால் ஆரம்பித்துவிடலாம், இப்போதே, மணியடிக்க இன்னும் நேரமிருக்கிறது, பேக்கரியிலிருந்து ஆரம்பிக்கலாம், முட்டை பஃப்ஸ், தேங்காய் பன், டிரைவர்கள். எந்த இடத்தில் இடது கை எழுகிறதோ அந்த இடத்தில் நின்று, வலதுக்கு மாறும் வரை அங்கேயே நிற்கலாம், பாடத்திட்டம் நாசமாய்ப் போகட்டும். எந்தப் பேராசிரியருக்கும் கிடைக்காதது தனக்குக் கிடைத்திருக்கிறது. உண்மையாகவே கண் கலங்கியது. டையை அவிழ்த்து மேசையில் போட்டான். “சரி, விடுங்க” என்றான், தன்னால் முடிந்த அளவுக்கு மெதுவான குரலில். “கோவத்துல பேசிட்டேன். இப்ப யாரும் இல்ல, நாம மட்டுந்தான். உண்மையைச் சொல்லுங்க. நான் யாரையும் திட்ட மாட்டேன், யாரையும் எழுப்பவும் மாட்டேன். நெகிழ்ச்சின்னா என்னன்னு நெஜமாப் புரிஞ்சவங்க வலது கை, புரியாதவங்க இடது கை. புரியலைன்னா இன்னைக்கே முதல்ல இருந்து ஆரம்பிக்கறேன். எங்க, தூக்குங்க பார்க்கலாம்.”

தர்ஷிகாவின் கைதான் முதலில் எழுந்தது. வெறும் மணிக்கட்டு. கடிகாரம் கட்டிய கை பெஞ்சின் மேல் நோட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தூக்கினாள், அப்புறம் அந்த பெஞ்சு, அப்புறம் அடுத்தது, கடைசி வரிசை வரைக்கும். இடம் வலம் மறுபடியும் குழம்புகிறதோ என்று அவன் தன் வலது கையைத் தூக்கி வைத்துச் சரிபார்த்துக்கொண்டான். குழப்பம் ஒன்றுமில்லை. எல்லாமே வலது. “யாருக்குமே சந்தேகமில்லையா?” என்றான். “இல்லீங்க சார்” என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. “பயப்படாதீங்க, நான்தான் சொல்றேன்ல, நெஜமாவே...” “புரிஞ்சுதுங்க சார்.” தலைகள் ஆடின, எங்கே ஆட வேண்டுமோ அங்கே. தக்காளி ரசம் சொன்ன பெண்ணின் கண்ணையாவது பிடிக்கலாம் என்று ஜன்னல் பக்கம் தேடினான், அங்கே நாலைந்து பெண்கள் இருந்தார்கள், எல்லோரும் ஒரே மாதிரி கை தூக்கி ஒரே மாதிரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவனுக்குப் பெயர் தெரியவில்லை. அந்தப் பையன்கள் இருவரும் எந்த பெஞ்சு என்பதும் மறந்து போயிருந்தது. இறக்குங்கள் என்று அவன் சொல்லாததால் கைகள் மேலேயே நின்றன. அவன் கையும் நின்றது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தர்ஷிகாதான் கேட்டாள், ரொம்ப மரியாதையாக: “சார், கையை இறக்கிக்கலாமுங்களா?”